அன்றைக்கு ஊரில் யாரும் இல்லை

மாவேனியில் மொராவை மொரா என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஒம்பாத்தியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத் தாயைக் கூப்பிடுவது மாவேனிக் குடிசைகளில் மட்டுமில்லை, நைரோபி நகரம் முழுக்க உள்ள வழக்கம், அதில் ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் அந்த ஒம்பாத்தியை இதே சந்தில், இதே ஜனங்கள் அடித்துக் கொன்று ஆறு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. "ஒம்பாத்தியம்மா, உன் கேன் நிரம்பிடுச்சு பாரு" என்று குழாயடியில் யாராவது சொல்லும்போதெல்லாம் அவள் ஒரு தடவை சந்து முனையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேனைத் தூக்குவாள்.

செத்தபோது பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு எவளோ ஒருத்தி தன் செல்போனைக் காணோம் என்று "திருடன்" என்று கத்தினாள். அந்தச் சொல் காதில் விழுந்தால் மாவேனிக்காரர்கள் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவருவார்கள். போலீஸ் வராத இடத்தில் கல்தான் போலீஸ். ஒம்பாத்தி அந்த நேரம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். எதற்கு ஓடினானோ, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினானோ, யாருக்குத் தெரியும்? தொலைந்த போன் அன்று சாயங்காலமே அவள் வீட்டு மெத்தைக்கு அடியில் கிடைத்தது.

மொரா அப்போது கிகோம்பா சந்தையில் பழைய துணி விற்றுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது ஒரு போர்வையும் அதற்கு வெளியே இரண்டு பாதங்களும்தான் இருந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டாள். உருளைக்கிழங்கு வறுத்து விற்கும் அடோங்கோ அன்றைக்குத் தங்கையின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். கரிக்கடைக்காரர் கோயிலில் இருந்தாராம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என்ன கோயில் என்று கேட்டால், தனிப் பிரார்த்தனை என்றார். ஒருவன் பல் பிடுங்கப் போயிருந்தான், இன்னொருவன் பாட்டனைப் பார்க்கப் போயிருந்தான். ஆகமொத்தம் அன்றைக்கு ஊரில் யாரும் இல்லை. ஆளில்லாத சந்தில் கல்லெல்லாம் தானாகப் பறந்து வந்து அவள் பிள்ளையைக் கொன்றிருக்க வேண்டும்.

அவளுக்குப் போலீசும் வேண்டாம், தூக்கும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் வந்து "நான் அங்க இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கடைசியில் அவன் என்ன சொன்னான் என்று சொல்ல வேண்டும். பெற்றவளுக்கு அது தெரிய வேண்டாமா? ஆறு வருஷமாக அவள் சோறு தின்றதும் தூங்கியதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

அந்த நாட்களில் அவள் பக்கத்தில் நின்ற ஒரே மனிதர் மக்காவு மேஸ்திரி. கொத்து வேலைக்காரர், ஐம்பது வயசு. பெண்சாதி கவாட்டா கிட்டுயிப் பக்கம் ஊரில் இருக்கிறாள். சவப்பெட்டி செய்ய ஆள் பிடித்தது அவர். அவள் சொந்த ஊர் கிசி வரைக்கும் ராத்திரி முழுக்க வண்டியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது அவர். குழிக்கு மேல் சிமெண்ட் பூசி மட்டம் பார்த்தது அவர். "நான் மட்டும் அன்னைக்கு இங்க இருந்திருந்தா" என்று அழுதவரும் அவர்தான். நகரத்துக்கு மறுகோடியில் ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தாராம்.

இப்படி இருக்கும்போது மாவேனிக்கு சினிமா வந்தது. ஏழைகள் இருக்கும் இடத்துக்கு வருஷத்துக்கு ஒரு கலை வரும். முந்தின வருஷம் கழிப்பறைச் சுவரில் புறா வரைந்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தின வருஷம் முரசு அடித்தார்கள். இந்த வருஷம் கேமரா. நெகேசா என்ற சின்னப் பெண், கல்லூரியில் சினிமா படித்தவள், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து சொல்லிக்கொடுத்தாள். முடிவில் ஆளுக்குப் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுக்க வேண்டும். மற்றவர்கள் காதல், கால்பந்து, வெள்ளம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மொரா, "என் பிள்ளைய அடிச்சுக் கொன்னத எடுக்கணும் டீச்சர்" என்றாள்.

நெகேசாவுக்குக் கண் மின்னியது. இந்த மாதிரிப் படத்துக்குத்தான் வெளிநாட்டில் பரிசு கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நல்ல பெண்தான், ஆனாலும் மின்னியது. பிறகு அவளே பயந்துபோய்ச் சட்டங்கள் போட்டாள். மெத்தைப் பஞ்சை வெட்டிச் சாம்பல் பூசிக் கல் செய்ய வேண்டும், நிஜக் கல்லை யாரும் கையால் தொடக்கூடாது. திருடனாக நடிக்கப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பராசா வருவான், தெருவில் கரணம் அடித்துப் பிழைக்கிற பையன், விழத் தெரிந்தவன். அவனுக்குச் சிவப்புச் சட்டை. மேல்சந்து, கீழ்சந்து எல்லாவற்றிலும் ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று: ஞாயிறு காலையில் சினிமா, சிவப்புச் சட்டைக்காரன் நிஜத் திருடன் இல்லை, அவனைத் தொடாதீர்கள்.

கும்பலாக நடிக்கச் சந்து ஜனம் முழுக்க வந்தது. மதியம் பிலாவுச் சோறு உண்டு என்பது ஒரு காரணம். வரமாட்டேன் என்றால் ஏன் என்ற கேள்வி வரும் என்பது பெரிய காரணம். ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. "திருடன்" என்று முதலில் கத்த யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட யாரும் கத்த மாட்டார்கள்.

"நான் கத்துறேன்" என்றாள் மொரா.

கும்பலைத் தடுக்கப் பார்த்துத் தோற்றுப்போகும் நல்ல மனிதன் ஒருவனும் கதையில் உண்டு. அப்படி ஒருவன் இருந்திருப்பான் என்று அவளாக நினைத்துக்கொண்டு எழுதியது. அந்த வேஷத்தை மக்காவு மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை ஆரம்பித்தது. முதலில் ஒரே கூத்து. பஞ்சுக் கல்லை எறிந்தால் காற்றில் மிதந்து போய்க் கரிக்கடைக்காரர் தலையில் உட்கார்ந்தது.

"அய்யோ, மண்டை பொளந்துடுச்சு, கட்டுப் போடுங்க" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள இருந்தாத்தானே பொளக்கும்" என்றாள் அடோங்கோ.

எல்லோரும் சிரித்தார்கள். மொராவும் சிரித்தாள். பராசா குழாயடியிலிருந்து ஓடிவந்து கழிப்பறைச் சுவரோரம் விழுந்தான். ஜோராக விழுந்தான்.

"அங்க இல்லப்பா" என்றாள் அடோங்கோ. "சாக்கடை வளையுதுல்ல, அங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. தோளில் கிடந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து சாக்கடை வளைவு எப்படித் தெரிந்தது என்று மொரா கேட்கவில்லை. மெதுவாகத் திரும்பி, "சரி பராசா, சாக்கடைக்கிட்ட விழு" என்றாள்.

மாவேனிக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. கண்ணெதிரே ஒன்று தப்பாக நடந்தால் அவர்களால் பொறுக்க முடியாது. வீடியோக் கொட்டகையில் படம் பார்க்கும்போதே கதாநாயகனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள். ஒரு பிழையைத் திருத்தியதும் அடுத்தது தானாக வந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே பக்கத்துலேர்ந்து வந்தா அவன் தப்பிச்சிட மாட்டானா?" என்றார் கரிக்கடைக்காரர். "பாதிப் பேரு மேலேர்ந்து வரணும், பாதிப் பேரு கீழேர்ந்து. நடுவுல மாட்டணும்."

"முதல் அடி முதுகுல. மண்வெட்டிக் காம்பால" என்றது ஒரு குரல்.

"காம்பு இல்ல, குழாய்" என்றது இன்னொன்று.

"எந்திரிக்கப் பார்ப்பான். முட்டி போட்டு எந்திரிப்பான், அப்பத்தான் கால்ல விழும்."

"சட்டையப் பிடிச்சு இழுத்ததுல பொத்தானெல்லாம் தெறிச்சுச்சு. அத யாரும் செய்யலியே?"

நெகேசா முதலில் உற்சாகமாக எழுதிக்கொண்டாள். நான்காவது வரியில் பேனா நின்றது. நிமிர்ந்து மொராவைப் பார்த்தாள். கிட்டே வந்து, "அக்கா, போதும். நிறுத்திடலாம்" என்று காதோடு சொன்னாள்.

"எழுது டீச்சர்" என்றாள் மொரா. ஆறு வருஷமாகப் போர்வைக்குக் கீழே மூடிக் கிடந்த பிள்ளை இப்போதுதான் ஒவ்வொரு எலும்பாக அவள் முன்னால் முறிந்துகொண்டிருந்தான். யாரும் "நான் இருந்தேன்" என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒத்திகை முடியட்டும், பிறகு இவர்களில் ஒருத்தியைத் தனியாகப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. கீழே கிடப்பவன் தலையில் ஒருவன் பெரிய கல்லைத் தூக்கிப் போட வேண்டும். கரிக்கடைக்காரரின் மருமகன் பஞ்சுப் பாறையைப் பூப்பந்து மாதிரி இரண்டு கைவிரலால் தூக்கினான்.

அதுவரை சுவரோரம் சாய்ந்து வாயே திறக்காமல் இருந்த மக்காவு மேஸ்திரி முன்னால் வந்தார். முப்பது வருஷம் கல் தூக்கியவர். கல்லை ஒருவன் தப்பாகப் பிடித்தால் அவர் கை சும்மா இருக்காது.

"இப்படியா கல்லு தூக்குவாங்க? முட்டிய மடக்கு. இடுப்புல ஏத்தி, அப்புறம் நெஞ்சுக்கு" என்று தானே தூக்கிக் காட்டினார். "விரல அடியில குடு. நல்லாக் குடு. சோப்புத் தண்ணி, வழுக்கும். உன் கால்லயே போட்டுக்குவ."

"சோப்புத் தண்ணியா?" என்றான் மருமகன்.

மேஸ்திரி அப்படியே நின்றார். பஞ்சுக் கல் இன்னும் நெஞ்சளவில் இருந்தது. அவர் கண் அவரைக் கேட்காமலே குழாயடிக்குப் போனது. எல்லோர் கண்ணும் போனது. குழாயடியில் சோப்பு நுரையோடு ஒரே ஒரு கல்தான் கிடக்கிறது, துவைகல். கன்னங்கரேல் என்று, ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாக. சனிக்கிழமைதோறும் மொரா துணி துவைப்பது அதில்தான். நேற்றும் அதில்தான் துவைத்தாள்.

மேஸ்திரி கல்லைக் கீழே வைத்தார். "கட்டட வேலைல எல்லாக் கல்லும் வழுக்கும்" என்றார் யாரிடமோ.

ஊரே சேர்ந்து பொய் சொன்னதுகூட மொராவுக்கு இந்த அளவு வலித்ததில்லை. ஊர் என்றைக்குமே அவளுடையது இல்லை. இந்த மனிதர் அவளுடையவர். அந்தக் கையால் கல்லைத் தூக்கிவிட்டு, அதே கையால் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அதே கையால் சிமெண்ட் பூசி, "நான் மட்டும் இருந்திருந்தா" என்று அவள் தோளில் அழுதிருக்கிறார். அவள் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துத் தேற்றியிருக்கிறாள்.

"எடுக்கலாமா அக்கா?" என்றாள் நெகேசா. "இல்ல, இன்னொரு நாள்..."

"எடு" என்றாள் மொரா.

எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அதற்குள் வேடிக்கை பார்க்க மேல்சந்து இளவட்டங்கள் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமையும் கூலிக்குப் போகிற சிலர் போகிற வழியில், கையில் மண்வெட்டியும் குழாயுமாக. பராசா சிவப்புச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நெகேசா கேமராவுக்குப் பின்னால் குனிந்து கையை உயர்த்தி இறக்கினாள்.

பராசா ஓடினான். மொரா அவனைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். கை மக்காவு மேஸ்திரியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"திருடன்" என்று கத்தினாள். "அதோ அவன். திருடன். பிடிங்க, விடாதீங்க."

நடிப்பில் அப்படி ஒரு குரல் வராது. மாவேனி அந்தக் குரலுக்கு வளர்க்கப்பட்ட ஊர். சந்துக்காரர்கள் திகைத்து நின்றார்கள், மேல்சந்துக்காரர்களுக்குத் திகைக்க ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புச் சட்டையைத் தொடக்கூடாது என்பதுதான். நீட்டிய கைக்கு எதிரே நின்றவர் போட்டிருந்தது பழுப்புச் சட்டை.

மேஸ்திரி ஓட ஆரம்பித்தார். அதுதான் அவர் செய்த பிழை. ஓடுகிறவன் திருடன். முதல் கல் அவர் காதோரம் பட்டது. அது பஞ்சு இல்லை, சத்தத்திலேயே தெரிந்தது. குழாயடியைத் தாண்டினார். கீழே இருந்து சிலர் வந்தார்கள், திரும்பினார், மேலே இருந்தும் வந்தார்கள். முதுகில் ஒரு அடி விழுந்தது. முட்டி போட்டு எழுந்தார், அப்போது காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மொரா நின்ற இடம் வரை கேட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், பொத்தான்கள் தெறித்தன.

சந்துக்காரர்கள் சும்மா நின்றதாக நினைக்கவேண்டாம். இரண்டு நிமிஷம் நின்றார்கள். அப்புறம் கரிக்கடைக்காரர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மேஸ்திரி போய்விட்டால் அன்றைக்கு நடந்ததெல்லாம் மேஸ்திரியோடு போய்விடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். எறிந்தார், குறி தப்பவில்லை.

"சினிமா இல்ல, நிறுத்துங்க, சினிமா இல்ல" என்று நெகேசா அலறினாள். தடுத்தது பராசா ஒருவன்தான். சிவப்புச் சட்டையோடு ஓடிப்போய் மேஸ்திரி மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அவனை அடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவனை யாரும் அடிக்கவில்லை. அவனைச் சுற்றி வெளியே தெரிந்த கையையும் காலையும் மட்டும் அடித்தார்கள்.

மொரா அப்போதுதான் நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. திருடு கொடுத்தவளுக்கு வழிவிடுவது முறை. அவளை ஒரு வார்த்தை கேட்பதும் முறைதான், நேரமிருந்தால் கேட்பார்கள். இரும்புக் குழாய் வைத்திருந்த மேல்சந்து இளைஞன், பராசாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கி அப்பால் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"அம்மா, என்ன எடுத்தான்?"

பிடிங்க என்று கத்தியது அவள்தான், ஆனால் இவ்வளவையும் அவள் நினைக்கவில்லை. நினைத்தாள், நினைக்கவில்லை, இரண்டும் உண்மை. மேஸ்திரியின் ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண் அவளைத் தேடிப் பிடித்தது.

"ஒம்பாத்தியம்மா" என்றார். வாயில் ரத்தம் குமிழியிட்டது. "நான் இருந்தேன். அன்னைக்கு நான் இருந்தேன். நாந்தான் தூக்குனேன்."

ஆறு வருஷம் காத்திருந்த வாக்கியம். அவள் சேற்றில் முட்டி போட்டு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னான்? கடைசியில என் பிள்ள என்ன சொன்னான்? சொல்லு. சொல்லிடு."

அவர் உதடு அசைந்தது.

"ஒத்துக்கிட்டான், கேட்டீங்களா, ஒத்துக்கிட்டான்" என்று இளைஞன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். ஒத்துக்கொண்ட திருடனிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றும் கிடையாது. மொரா தலையை நிமிர்த்தி, "இரு, அடிக்காத, இரு" என்றாள். குழாய் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் இறங்கியது.

பிறகு சந்து காலியாயிற்று. அது எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதை மொரா முதல் தடவையாகப் பார்த்தாள். மேல்சந்து மேலே போனது. கதவுகள் சாத்திக்கொண்டன. பிலாவு அண்டா அடோங்கோ வீட்டு வாசலில் திறந்தபடி கிடந்தது. நெகேசா சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், பராசா அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரியின் பையில் போன் அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. மொரா எடுத்தாள். மேஸ்திரியின் பெண்சாதி கவாட்டா.

"என்ன மேஸ்திரி, சினிமாக்காரர் ஆயிட்டீங்களாமே. எடுத்து முடிச்சாச்சா?"

"நான் மொரா பேசுறேன்."

"யாரு? ஓ, ஒம்பாத்தியம்மாவா. அவர் எங்க, அக்கா?"

மொரா சொன்னாள். செத்துவிட்டார், அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய அலறல் கேட்டது, பிறகு மூச்சு மட்டும். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று மொராவுக்குத் தெரியும்.

"யாராவது கூட இருந்தீங்களா அக்கா?" என்றாள் கவாட்டா. "கடைசியில ஏதாச்சும் சொன்னாரா?"

சந்தைக்குப் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மொரா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, செத்தவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் இருந்தேன் கவாட்டா" என்றாள். "முதல்ல கத்துனதே நாந்தான். அவர் சொன்னதையும் சொல்றேன், வச்சிடாம கேளு."